சும்மா உட்கார ஓர் இடம்

யாங்டோல் தலையை மழித்துக்கொண்டு பிக்குணி ஆனதற்குக் காரணம் பக்தி என்று பனிமலைப் பள்ளத்தாக்கின் துங்மார் ஊரில் இன்றும் சிலர் சொல்வார்கள். அவளிடம் கேட்டால் சிரிப்பாள். உண்மையில் அவள் பயந்தது மாமியாருக்கு.

அவளுடைய அக்காவை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். லோசர் புத்தாண்டுக்கு அவள் பிறந்த வீடு வந்தபோது தோள் இரண்டிலும் கயிறு அழுத்திய தழும்பு. பொழுது விடியுமுன் ஆற்றுப் பனியை உடைத்து டின்னில் தண்ணீர் மோந்து முதுகில் சுமக்க வேண்டும். அது முடிந்தால் சாணி பொறுக்க வேண்டும். அதுவும் முடிந்தால் பார்லி வறுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மாமியாரிடம் வசை வாங்க வேண்டும். இதையெல்லாம் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அதுதான் யாங்டோலை மிகவும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை அவள் ஊருக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். பாறையில் தேன்கூடு போல ஒட்டிக்கொண்டிருந்தது பிக்குணி மடம். அதன் வாசலில் ஒரு சோமோ (ஊரில் பிக்குணிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வெயிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டின்னும் இல்லை, கயிறும் இல்லை, மாமியாரும் இல்லை.

"அப்பா, நான் சோமோவாப் போறேன்" என்றாள் யாங்டோல்.

அப்பாவுக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் புண்ணியம். அண்ணன் தர்கியாஸுக்கு அதைவிடச் சந்தோஷம். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். அவன் இவ்வளவு பக்திமானா என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

கோடை முடிவில் மடத்துக்குப் போன முதல் வாரத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த சோமோ தியானத்துக்காக உட்காரவில்லை. போன அறுவடையின்போது தம்பி வீட்டுக் கூரையில் வைக்கோல் அடுக்கப் போய்க் கீழே விழுந்து இடுப்பு முறிந்திருந்தாள். நடக்க முடிந்த மற்ற சோமோக்கள் யாரும் மடத்தில் இல்லை. அண்ணன் வயலிலும், தம்பி களத்திலும், அக்காள் மகளின் பிரசவத்திலும் இருந்தார்கள்.

பள்ளத்தாக்கின் கீழே இருந்த லாமாக்களின் பெரிய மடத்துக்கு நிலம் உண்டு, பூசைக்குக் கூப்பிடும் வீடுகள் உண்டு, போன இடமெல்லாம் விருந்து உண்டு. பிக்குணி மடத்துக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சோமோவும் பிறந்த வீட்டு மாவைத்தான் தின்றாக வேண்டும். மாவைத் தின்றால் வயலுக்கும் போயாக வேண்டும். கல்யாணமானவள் ஒரு வீட்டுக்கு உழைத்தால் போதும். யாங்டோல் மூன்று வீட்டுக்கு உழைத்தாள்: அப்பா வீடு, அண்ணன் பிரிந்துபோய்க் கட்டிய வீடு, இவை போதாதென்று அக்கரை அக்காவின் வீடு. அங்கே எந்த மாமியாருக்குப் பயந்து தலையை மழித்தாளோ அதே மாமியாருக்குச் சாணி பொறுக்கிப் போட்டாள்.

"நீ சும்மாதானே உட்கார்ந்திருக்கே" என்பான் தர்கியாஸ், மடத்து வாசலில் மூச்சு வாங்க வந்து நின்று. "பட்டாணி பிடுங்கணும், வா."

"அண்ணே, இன்னைக்குப் பாராயணம் இருக்கு."

"பட்டாணி காத்திருக்குமா? புத்தர் காத்திருப்பார். அவருக்கு என்ன அவசரம்?"

மூத்த சோமோவின் பெயர் சுல்டிம். ஒல்லியான உடம்பு, கிழிந்த குரல், எப்போதும் ஏதோ ஒரு கிண்டல். அவளும் நாற்பது ஆண்டுகளாகத் தம்பி வீட்டு வயலில் குனிந்து நிமிர்ந்தவள்தான். "உலகத்தைத் துறக்கறது சுலபம்டி, அண்ணன் தம்பியைத் துறக்கத்தான் வழியைக் காணோம்" என்பாள். அவளுக்கு ஒரே ஒரு பாராயணம் முழுதாகத் தெரியும். யாங்டோலுக்கு அதில் பாதி தெரியும். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள உட்காரும்போதெல்லாம் கீழேயிருந்து யாராவது கூப்பிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. ஒரு வசந்தத்தில், உண்ணாநோன்பிருந்து மௌனமாக உட்காரும் சடங்குக்கு மடத்தில் ஏற்பாடு செய்தார்கள். அதற்காகவே யாங்டோல் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள். அதிசயமாக அந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. காலை எழுந்து, நெற்றி நிலம்பட வணங்கி, கண்ணை மூடி உட்கார்ந்தாள். மூக்கு நுனியில் மூச்சு வருவது தெரிந்தது. போவதும் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு மெல்ல, கிரீச்சிடாமல் திறப்பதுபோல இருந்தது.

நிஜக் கதவுதான் கிரீச்சிட்டது. தர்கியாஸ்.

"ஏ யாங்டோல், பசு கன்னு போட முடியாம கிடக்கு. வெளியே வா."

மௌன விரதம். அவள் கையால் சைகை காட்டினாள்.

"வாயைத் தொறக்க வேணாம். கை போதும். கன்னை இழுக்கறதுக்கு வாய் எதுக்கு?"

அவள் போனாள். கன்றை இழுத்தாள். பசு பிழைத்தது. அன்று மாலை ரத்தம் காய்ந்த கையோடு அவள் பெரிய மடத்துக்கு நடந்து போய், ஒழுங்கு பார்க்கும் லாமாவின் முன் நின்று, பிக்குணியாக எடுத்துக்கொண்ட நோன்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். லாமா கொஞ்சம் புத்திமதி சொன்னார், கொஞ்சம் வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஊரில் இதற்காக மிகவும் வருந்தியவன் தர்கியாஸ். "நம்ம குடும்பத்துல தர்மம் அழிஞ்சுபோச்சு" என்று பார்த்தவரிடமெல்லாம் அழுதான். சோமோ என்றால் காலமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வருவாள். சாதாரணப் பெண் என்றால் நாளைக்கே எவனையாவது கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதை அவன் தர்மம் என்ற சொல்லுக்குள் பொதித்து வைத்திருந்தான்.

யாங்டோல் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. குதிரைக்காரன் சோஸ்பெலிடம் சமையலாளாகச் சேர்ந்தாள். கோடையில் யர்மா கணவாய் வழியாக மலையேற வரும் வெள்ளைக்காரர்களின் கூடாரங்களையும் அரிசி மூட்டைகளையும் சோஸ்பெலின் குதிரைகள் சுமந்தன. அவன் வாய் ஓயாத ஆள். குதிரைகளை அவற்றின் தாய்மார்களின் நடத்தையைச் சொல்லித் திட்டுவான். ஆனால் கணவாய் உச்சியில் மந்திரக் கொடிகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு "கி கி சோ சோ, ல்ஹா கியாலோ" என்று தெய்வங்களுக்கு வெற்றி கூவுவான். திரும்பி இறங்கும்போது மீண்டும் குதிரையின் தாய்.

யாங்டோலிடம் இருந்த ஒரே கனத்த துணி பழைய துறவாடைதான். கருஞ்சிவப்புக் கம்பளி, முழங்கையில் ஒட்டு. அதைப் போர்த்திக்கொண்டே அடுப்பு மூட்டினாள். தலைமுடி காதளவுகூட வளரவில்லை. முதல் பயணத்திலேயே ஒரு வெள்ளைக்காரப் பெண் கைகூப்பி, "நீங்கள் பிக்குணியா?" என்று கேட்டாள்.

இருந்தேன் என்று சொல்லத்தான் யாங்டோல் நினைத்தாள். ஆனால் அவளிடம் அப்போதிருந்த ஆங்கிலத்தில் இறந்தகாலம் இல்லை. "நான் பிக்குணி" என்றுதான் வந்தது. அந்தப் பெண் கண் நிறைய, அவளோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் படம் லே நகரத்தில் முதுப் என்பவனின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. முதுப் மலையேற்றப் பயணங்கள் ஏற்பாடு செய்பவன். தலையில் எண்ணெய், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இரண்டையும் கூரைக்கு அடியிலும் கழற்ற மாட்டான். மறுவாரமே சோஸ்பெலிடம் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, உங்களை முன்னாடி நடக்க விடறேன். சமையலுக்கு வேற ஆள். 'பிக்குணியுடன் மௌன நடை.' எப்படி?"

"நான் சோமோ இல்லையே தம்பி. விட்டுட்டேன்."

"அதை யாரு கேட்டா? நான் 'பிக்குணி'ன்னு ஒரு வார்த்தை எழுதுவேன். விட்டுட்டாங்களா இல்லையான்னு எழுத இடம் இல்லை. நீங்க அந்தத் துணியை மட்டும் போட்டுக்கோங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காரணும்."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்து ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உட்காரணும். அவங்களும் உங்க பின்னாடி உட்காருவாங்க."

யாங்டோல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சும்மா உட்காரச் சொல்லி அவளிடம் இதுவரை யாரும் வேண்டிக்கொண்டதில்லை.

பொய் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. முதல் நாள் முகாமில், கூடாரங்களுக்குச் சற்றுத் தள்ளி மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ஒரு மணிக்கல் சுவரை ஒட்டி அவள் உட்கார்ந்தபோது, காது வரை சூடேறியது. பின்னால் ஆறேழு பேர் மூச்சுவிடுவது கேட்டது. யாராவது கூப்பிடுவார்கள் என்று முதுகு தானாக விறைத்துக் காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. காற்று வந்து கொடிகளை அடித்துவிட்டுப் போயிற்று. எங்கோ மேலே பனிக்கோழி கத்தியது. யாரும் கூப்பிடவில்லை என்பதே நம்பமுடியாமல் அவள் கன்னம் நனைந்தது. பின்னால் இருந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அழுதார்கள். அந்தப் பயணம் மிகச் சிறப்பாக அமைந்ததாக முதுப்புக்கு எல்லாரும் எழுதினார்கள்.

ஆக, மெய்யான சோமோவாக இருந்த காலத்தில் கிடைக்காதது, பொய் சோமோ ஆன பிறகு நாளுக்கு இரண்டு வேளை கிடைத்தது. மூன்று கோடைகள் அப்படிப் போயின. பாராயணத்தின் மீதிப் பாதியையும் அவள் கற்றுக்கொண்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? விஷயம் பெரிய மடத்துக்குப் போயிற்று. ஒழுங்கு பார்க்கும் லாமா ஆளனுப்பினார். யாங்டோல் மூச்சிரைக்கப் படியேறிப் போய் மூன்று முறை விழுந்து வணங்கினாள்.

"நோன்பைத் திருப்பிக் கொடுத்தவ அந்த ஆடையைப் போடக் கூடாது. தெரியுமா?" என்றார் லாமா.

"தெரியும், லாமா-லே" என்றாள், மரியாதைக்கு 'லே' சேர்த்து.

"தெரிஞ்சுமா போட்டே?"

"குளிருக்குப் போட்டேன் லாமா-லே. அப்புறம் கழட்ட விடமாட்டேங்கறாங்க."

லாமா தாடையைத் தடவினார். யாங்டோலின் பின்னால் நடப்பவர்கள் பயணத்தின் கடைசி நாளில் பெரிய மடத்துக்குத்தான் வந்து தரிசனம் செய்வார்கள். வந்தால் வெறுங்கையோடு வருவதில்லை. புது விளக்குகள், புதுக் கம்பளம், கூரைக்குப் புதுத் தகடு எல்லாம் அவர் கண்ணெதிரே இருந்தன.

"இது பெரிய குத்தம். உடனே நிறுத்தணும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பனி விழ ஆரம்பிச்சதும் நிறுத்திடு" என்று சேர்த்தார்.

பனி விழ ஆரம்பித்தால் யாரும் மலையேற வருவதில்லை என்பதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. தேநீர் வந்தது.

நான்காவது கோடையில் ராஸ்முஸ் வந்தான். டென்மார்க்காரன், பாலம் கட்டும் எஞ்சினியர், நல்ல உயரம். நடக்கும்போது சோஸ்பெலின் குதிரைகள்கூட அவனுக்கு வழிவிட்டன. முந்தின குளிர்காலத்தில் மனைவியைப் பறிகொடுத்திருந்தான், வீட்டில் மிச்சம் ஒரு மகள்தான். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான், கரண்டியால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே. யாங்டோலின் காலடியை விட்டு இம்மி பிசகாமல் நடந்தான். மணிக்கல் சுவரை அவள் வலப்புறம் வைத்துச் சுற்றினால் அவனும் சுற்றுவான். அவள் ஒரு கல்லை மிதித்தால் அதே கல்லை மிதிப்பான். ஒரு தடவை அவள் புதர் மறைவுக்குப் போகத் திரும்பியபோதும் பின்னாலேயே வந்துவிட்டான். சோஸ்பெல்தான் ஓடிப்போய்த் தடுத்தான்.

"சோமோ, உன் குரங்கைக் கட்டி வைக்கணும்" என்று சோஸ்பெல் சிரித்தான்.

"பாவம்ணே, மனசு உடைஞ்ச மனுஷன்."

"மனசு உடைஞ்சா என்ன, காது நல்லாத்தானே இருக்கு? நீ சொல்றதை ஒண்ணு விடாம மனப்பாடம் பண்றான். நேத்து நீ 'உப்பு எங்கே'ன்னு கேட்டதுக்கு அவன் அரை மணி நேரம் யோசிச்சான்."

கணவாய்க்குக் கீழே, கோடை மேய்ச்சலுக்குப் போட்ட கல் பட்டிகளின் அருகே அன்று தங்கினார்கள். அந்த உயரத்தில் புல்லும் மூச்சுவாங்கிக்கொண்டே முளைக்கும். ராஸ்முஸ் சாப்பிடவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டதற்குப் புன்னகை செய்தான். வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலியைத் தாங்குவதும் தவத்தில் ஒரு பகுதி என்று அவனாக முடிவு செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

காலையில் அவன் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது இடது பூட்ஸ் வலது காலில் இருந்தது. நாலு அடி நடந்தான். கல்யாண வீட்டில் விடிய விடிய பார்லிச் சாங் கள் குடித்தவன் நடப்பதுபோல இருந்தது. இந்த நடையை யாங்டோல் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள். அந்த ஆளைக் கீழே கொண்டுபோனபோது உயிர் இல்லை.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ராஸ்முஸ், கீழே போ."

அவன் கண்ணை மூடி, கையைக் கூப்பினான். "ஆம்" என்றான் குழறலாக. "மேலே போக வேண்டுமென்றால் முதலில் தனக்குள் கீழே இறங்க வேண்டும்."

"இல்லை. கீழே. அதோ, அந்தக் கீழே." கையைப் பள்ளத்தாக்கின் பக்கம் நீட்டினாள்.

அவன் அவளுடைய விரலைப் பார்த்தான். பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை, விரலை. "நிலவைக் காட்டும் விரலைப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள்" என்று சொல்லி, கண் கலங்க, அங்கேயே தியானத்தில் உட்கார்ந்துவிட்டான்.

உடன் வந்தவர்களில் டச்சுக்காரி ஒருத்தி இருந்தாள், பல் டாக்டர். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மூளையில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. உடனே இறக்க வேண்டும்" என்றாள். ஆனால் அவள் இழுத்தால் அவன் அசைவதாக இல்லை. "என் ஆசிரியர் சொன்னால்தான் போவேன்" என்றான்.

"ஆசிரியர்தானே சொல்லிக்கிட்டிருக்கா!" என்று கத்தினான் சோஸ்பெல், தன் மொழியில்.

யாங்டோல் மீண்டும் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், அழுத்திச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தில் ஒரு புதிய தெளிவு பிறந்தது, உதடு மட்டும் மேலும் நீலமாயிற்று. அந்தக் கருஞ்சிவப்புத் துணிக்குள்ளிருந்து எது வந்தாலும் அவனுக்கு அது உபதேசமாகத்தான் கேட்டது. தீப்பிடித்துக்கொண்டது, ஓடு என்று அவள் அலறினாலும் ஞானத்தீ என்று எடுத்துக்கொள்வான். தன் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அதன் அர்த்தம் இல்லாமல் போய்விட்டது என்று உறைத்தபோது அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

ஆடையை உருவிப் போட்டாள். உள்ளே தர்கியாஸின் பழைய ஸ்வெட்டரும், டிராக் பேண்டும். தலையிலிருந்த தொப்பியையும் பிடுங்கி எறிந்தாள். முடி தோள்வரை விழுந்தது. அக்கரை மாமியார் வாசலில் நின்று அக்காவைத் திட்டும் குரல் எங்கிருந்துதான் அவள் தொண்டைக்கு வந்ததோ.

"எழுந்திருடா தடிமாடே! பூட்ஸைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியலை, ஞானம் கேக்குதா உனக்கு? செத்தா உன்னை யாரு சுமக்கறது? உன் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது? எழுந்திரு!"

அவள் தன் மொழியில்தான் திட்டினாள். ஒரு சொல்கூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவன் கண்ணைத் திறந்து, தோள்வரை முடி விழுந்த, மூக்கு சிவந்த அந்தப் பொம்பளையை முதல் தடவையாகப் பார்த்தான். சட்டென்று எழுந்தான். பிறகு டாக்டரிடம் சொன்னானாம், அவனுடைய மனைவி கோபம் வந்தால் அப்படித்தான் கத்துவாளாம்.

சோஸ்பெல் நல்ல குதிரையைக் கொண்டுவந்தான். ராஸ்முஸுக்கு உடம்பு நடுங்கியது, உட்கார நிலை இல்லை. யாங்டோல் கீழே கிடந்த துறவாடையை எடுத்து அவனுக்குச் சுற்றினாள். அதன் மேல்துண்டை இரண்டாகக் கிழித்து அவனைச் சேணத்தோடு கட்டினாள். அவள் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், குதிரையின் தாயைத் திட்டிக்கொண்டு சோஸ்பெல் முன்னால். அவசரத்தில் மணிக்கல் சுவரைக்கூட முறை தவறி இடப்பக்கம் வைத்தே கடந்து ஓடினார்கள். முதல் ஓடையைத் தாண்டும் வரை அவன் வாயில் நுரை. இரண்டாவது ஓடையில் பேர் கேட்டதற்குச் சொன்னான். சாலை வந்து சேர்ந்தபோது தண்ணீர் கேட்டான். ஜீப்பில் ஏற்றி லே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான்.

ஆடை அவனோடு போய்விட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து முதுப் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். டென்மார்க்கில் ராஸ்முஸின் வீட்டுக் கூடம். சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம், அதற்குள் விளக்கு, விளக்கின் கீழே யாங்டோலின் ஆடை, முழங்கை ஒட்டு வெளியே தெரியும்படி. எதிரே ராஸ்முஸும் அவன் மகளும் இன்னும் சிலரும் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆசிரியர் தன் ஆடையைக் கழற்றி எனக்கு அளித்தார்னு அங்கே எல்லார்கிட்டயும் சொல்றாராம் அக்கா."

"அளிக்கலை. குளிருச்சு, போர்த்திவிட்டேன்."

"அதை அவருகிட்ட சொல்லிடாதீங்க."

யாங்டோல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த முழங்கைக் கிழிசல் தர்கியாஸின் களத்தில், சூடடிக்கும்போது ஏற்பட்டது. மகளின் முகம் மட்டும் அமைதியாக இருந்தது. அவளுக்கு ஒருவேளை உட்கார இடம் கிடைத்துவிட்டதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். கோபப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் முதுப் புது ஆடை தைத்துக் கொண்டுவந்தபோது அவள் தொடவில்லை.

"நல்ல கம்பளிக்கா. ஒட்டுப் போட்டுத் தரச் சொல்லட்டுமா? பழசு மாதிரி இருக்கும்."

"வேணாம் தம்பி. நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்றேன். கீழே போன்னு சொன்னா கீழே போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"ஸ்வெட்டர் போட்ட பொம்பளை பின்னாடி யாருக்கா மௌனமா நடப்பாங்க? அவங்க வீட்டுலயே இருக்காங்களே அந்த மாதிரி!"

பேச்சு முறிந்தது. அவள் ஊருக்குத் திரும்பினாள். அந்த வருத்தத்தோடுதான் மேல் மடத்துக்குப் போய் சுல்டிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஆடை, லாமா, ராஸ்முஸ், கண்ணாடிச் சட்டம் வரை. சுல்டிம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கிழவி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு மணி நேரமா? காலையிலயும் சாயங்காலமுமா? யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"எந்த மாசத்துல போவீங்க?"

"அறுவடை மாசத்துலதான் அவங்க நிறைய வருவாங்க."

சுல்டிமின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அவ்வளவு பற்கள் அவளுக்கு மிச்சமிருப்பது அன்றுதான் தெரிந்தது. "அடியே, நிஜ சோமோ நாங்க இத்தனை பேர் இங்கே இருக்கோம். அவனுக்கு எதுக்குடி பொய் சோமோ? கூப்பிடு அந்தக் கண்ணாடிக்காரனை!"

முதுப்புக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த கோடை, பார்லி மஞ்சளாகத் தொடங்கிய வாரத்தில், சோமோக்கள் இரண்டிரண்டு பேராகக் கணவாய்ப் பக்கம் புறப்பட்டார்கள். அண்ணன்களும் தம்பிகளும் மடத்து வாசலில் வந்து நின்றார்கள்.

"என்னது இது? வயல்ல கதிர் கொட்டுது!" என்று தர்கியாஸ் கூச்சலிட்டான்.

"நாங்க என்னப்பா பண்றது?" என்றாள் சுல்டிம், குதிரைமேல் ஏறிக்கொண்டே. "எங்களுக்கும் ஆசைதான். ஆனா வெளிநாட்டுல இருந்து வந்துட்டாங்க. முன்னாடியே சொல்லி வச்சுட்டாங்க. தர்ம காரியம். போய்த்தானே ஆகணும்?"

தர்மம் அவனே எடுத்துக்கொடுத்த சொல். அந்த வருடம் அறுவடைக்கு அவன் நேபாளத்திலிருந்து கூலியாட்களை வரவழைத்தான். அவர்களை நாளுக்கு நாலு தடவை தேநீர் கொடுத்து மரியாதையாக நடத்த வேண்டியிருந்ததாம். ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினான்.

ஒழுங்கு பார்க்கும் லாமாவும் ஆட்சேபிக்கவில்லை. ஆடை இப்போது உரியவர்களின் உடம்பில் இருந்தது. கடைசி நாள் தரிசனமும் தொடர்ந்தது.

ஏற்பாடு இப்படி அமைந்தது: முன்னால் சோமோக்கள் நடப்பார்கள், சமையல்காரி யாங்டோல் ஸ்வெட்டரில் பின்னால் வருவாள். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, யாருக்குத் தலை வலிக்கிறது, யாரைக் கீழே அனுப்புவது எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். வெள்ளைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே உடனே கேட்டார்கள். யாரும் அவளைப் படம் எடுக்கவில்லை. ஒருத்தன் மட்டும் சோஸ்பெலிடம், "இந்தச் சமையல்காரி ஏன் இவ்வளவு அதட்டுகிறாள்? இந்தப் புனிதமான பெண்களிடம் இருந்து கொஞ்சம் பொறுமை கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டான்.

"பிறவிக் குணம்" என்றான் சோஸ்பெல்.

சாயங்கால வேளையில், கல் பட்டிகளுக்குப் பக்கத்தில், சுல்டிம் முதுகை நேராக நிமிர்த்தி உட்காருவாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் கிழவி ஆழ்ந்து தூங்கிவிடுவாள். நாற்பது ஆண்டுத் தூக்கம் பாக்கி. உட்கார்ந்தபடியே, இமைகூட அசையாமல், அப்படி ஒரு தூக்கம். அந்த அசையாமையைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

சமையல் கூடாரத்தின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு யாங்டோலும் உட்காருவாள். அடுப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். மூச்சு வரும், போகும். வெகுநேரம் கழித்து விசில் ஊதும். அந்தப் பக்கம் அதை ஆலய மணியாகவே எடுத்துக்கொண்டு எல்லாரும் கைகூப்பி எழுந்திருப்பார்கள். சுல்டிம் திடுக்கிட்டு விழிப்பாள்.

அந்த உயரத்தில் ஒரு விசிலுக்குப் பருப்பு வேகாது. யாங்டோல் ஒரு கண்ணைத் திறந்து தீயைப் பார்ப்பாள், அடுத்த விசில் மெல்ல வரட்டும் என்று அதைச் சற்றுக் குறைப்பாள், மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள்.